சுங்கச்சாவடித் தராசு

நாங்கள் வந்தபோது
இந்த ஆற்றுக்கு ஓர் அரசு உண்டென்று
யாரும் சொல்லவில்லை.
சியாராவில் மூன்று வருடம் மழை பொய்த்தது.
கழுதையைத் தின்றோம்,
பிறகு அதன் சேணத்தை வேகவைத்தோம்.
கப்பலில் ஏற்றியவன் சொன்னான்:
"அங்கே மரத்தைக் கீறினால் பணம்."
கீறினோம்.
பால் வந்தது. பணம் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

என் பங்குக்கு நூற்றுநாற்பது ரப்பர் மரங்கள்.
விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டி
ஒற்றையடிப் பாதையில் ஒரு சுற்று.
வெயில் ஏறியபின் கிண்ணம் வழிக்க மறு சுற்று.
அந்தியில் புகைமேல் உருட்டி உருட்டி
தலையளவு ஓர் உருண்டை திரட்டுவேன்.
கர்னல் அர்லிந்தோவின் பேரேட்டில் அது பாதியாகும்.
(எந்தப் படையிலும் இருந்ததில்லை அவர்,
காடு வைத்திருப்பவன் இங்கே கர்னல்.)
உப்பு, மண்ணெண்ணெய், கொயினா மாத்திரை,
நான் ஏறி வந்த கப்பலின் கூலி.
எட்டு வருடமாயிற்று,
அந்தக் கப்பலிலிருந்து இன்னும் இறங்கவில்லை நான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
அறுபத்தேழாம் மரத்தருகே
பாதை ஒரு மரவள்ளித் தோட்டத்துக்குள் போகும்.
நட்டவர்கள் இல்லை.
கரிந்த கம்பங்கள் ஐந்து, கவிழ்ந்த பானை ஒன்று.
எனக்கு முன்பே வந்த பெலார்மீனோவைக் கேட்டேன்.
"காலியாகத்தான் இருந்தது" என்றான்,
"நாங்கள் காலி செய்த பிறகு."
கிழங்கு நன்றாக இருந்தது.
பிடுங்கிச் சுட்டுத் தின்றேன்.

பிறகுதான் அரசு வந்தது,
மலையுச்சியிலிருந்து
எழுபது நாள், கோவேறு கழுதையிலும் தோணியிலுமாக.
ஒரு கொடி, ஒரு மேசை, ஒரு தராசு,
பன்னிரண்டு சிப்பாய்கள்,
சுங்க அதிகாரி எவரிஸ்தோ கோண்டோரி.
கம்பளிக் கோட்டோடு வந்திறங்கி
மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்தவர்.
ஸ்பானியத்தில் எழுதி ஒட்டினார்:
நூற்றுக்கு முப்பது.
எங்களுக்கு எங்கள் மொழியே வாசிக்கத் தெரியாது.
கர்னல் வாசித்தார். சத்தமாக வாசித்தார்.
அன்றுதான் முதன்முதலாக
எங்களைச் சகோதரர்களே என்றார்.
துப்பாக்கி கொடுத்தார்.
பேரேட்டில் அதையும் எழுதிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு விடிகாலை
விளக்கை அணைத்துவிட்டு நடந்தோம்.
மரம் கீறிய கால்களுக்கு இருட்டு பழக்கம்.
கஞ்சி கொதிக்கிற நேரம்தான், முடிந்துவிட்டது.
சிப்பாய்கள் நால்வர், எங்களில் இருவர்.
எவரிஸ்தோ வாசலில் நின்றார்,
அதே கோட்டு, கையில் முத்திரைக்கட்டை.
கையைத் தூக்கச் சொன்னோம்.
தூக்கினார், கட்டையை விடவில்லை.
"சம்பளம் கேட்டுப் பதினோரு கடிதம் எழுதினேன்" என்றார்,
"ஒன்றுக்கும் பதில் இல்லை."
எனக்குச் சிரிப்பு வந்தது.
அது முடியுமுன் பெலார்மீனோ சுட்டான்.
மீதிச் சிரிப்பு
இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது.

குடியரசு என்றார்கள்.
கொடிக்குத் துணியில்லை.
ஜூவென்சியாவின் பாவாடையைக் கேட்டார்கள்,
தந்தாள், நாடாவை மட்டும் உருவிக்கொண்டு.
எங்கள் மண், எங்கள் வியர்வை,
எங்கோ இருப்பவன் வந்து எப்படி ஆள்வான்?
கர்னல் பேசினார். கைதட்டினேன்.
தட்டும்போதே தோன்றியது:
இதே வார்த்தைகளை
யாரோ எங்களைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்,
எங்களுக்குப் புரியாத மொழியில்,
அறுபத்தேழாம் மரத்தருகே.

திங்களன்று உருண்டைகளைத் தோணியில் ஏற்றிப் போனேன்.
அதே மேசை. பின்னால் கர்னலின் மருமகன்.
தராசை யாரும் சுடவில்லை.
முள் நடுங்கி, பழைய இடத்திலேயே நின்றது.
"இருபத்தெட்டு" என்றான்,
"நம்ம அரசல்லவா, சலுகை."
முத்திரைக்கட்டையின் எழுத்தைக் கத்தியால் சுரண்டியிருந்தார்கள்.
என் ரப்பரில் ஒரு வெறும் வட்டம் விழுந்தது.

மறுநாள் விடியுமுன் பாதையில் போகிறேன்.
கவிழ்ந்து கிடந்த பானையை
யாரோ நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள்.
விளக்கை அணைத்தேன்.
கிண்ணத்தில் பால் சொட்டும் சத்தம்.
இன்னும் நான் இந்த மரத்தைக் கீறவேயில்லை.